கெட்டியான கச்சா எண்ணெயில் ஏன் தண்ணீரும் இரசாயனமும் கலக்கிறார்கள்?

தார் போன்ற கச்சா எண்ணெய் குழாயில் லேசில் நகராது. அதில் தண்ணீரையும், சவர்க்காரம் போல வேலை செய்யும் ஒரு இரசாயனத்தையும் சேர்த்துக் கலக்கினால் எண்ணெய் நுண்துளிகளாக உடையும். அந்த இரசாயனம் ஒவ்வொரு துளியையும் போர்த்தி, மீண்டும் ஒட்டாமல் தடுக்கும். இதைத்தான் பால்மம் என்கிறோம். இப்போது குழாய்ச் சுவரில் உரசுவது பெரும்பாலும் தண்ணீர். துளிகள் அதோடு சேர்ந்து போய்விடும்.

இங்கே கொழும்பு வெள்ளவத்தை வீடுகளில் சொதிக்குப் பிழியும் தேங்காய்ப்பாலைப் பாருங்கள். அதில் எவ்வளவோ எண்ணெய் இருக்கிறது, ஆனாலும் விரலிடுக்கில் வழிந்தோடுகிறது. தேங்காயின் புரதம் துளிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. துழாவாமல் கொதிக்கவிட்டால் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். குழாயிலும் இதே பயம் உண்டு, அதனால்தான் பொருத்தமான இரசாயனத்தைத் தேர்வது அவ்வளவு முக்கியம். வெனிசுவேலா முன்பு தயாரித்த ஒரிமல்ஷன் என்ற எரிபொருளும் இப்படியொரு பால்மம்தான்; அதில் சுமார் 70 சதவீதம் பிட்டுமன் (தார் போன்ற கெட்டி எண்ணெய்), 30 சதவீதம் தண்ணீர் இருந்தது.

எண்ணெயே இளகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒவ்வொரு துளிக்குள்ளும் அது முன்போலவே கெட்டிதான்.