பொடி வைக்காத வெள்ளி: தக்கலை அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா,

நேற்று போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "பி.காம். முடிச்ச பிள்ளை தீயும் கம்பியுமா உக்காந்திருந்தா யாரு பொண்ணு கேட்டு வருவா?" கல்யாணக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தொழில் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகள் ஆசைப்படுவது வெள்ளி நகை வேலை. அதில் எந்த முறை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு துண்டை இணைக்கப் பொடி வைத்து ஊதுவார்கள். பொடி என்பது வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகும் கலப்பு உலோகம். வெங்காரத்தின் (போராக்ஸ்) துணையோடு இடுக்கில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அதே பொடிதான் என்பார்கள். அவள் கற்க நினைக்கும் முறையில் பொடியே கிடையாது. சுத்த வெள்ளிக் கம்பியை வளையமாக வளைத்து, இரு முனையையும் முட்டவைத்துச் சூடாக்கினால் வெள்ளி தன்னோடு தானே உருகிச் சேர்ந்துவிடும்.

இதற்கு 999, அதாவது ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்தமுள்ள வெள்ளி வேண்டும். கடையில் வெறுமனே 'வெள்ளிக் கம்பி' என்று கேட்டால் 92.5 சதவீத வெள்ளி கைக்கு வரலாம். அதில் மீதி ஏழரைப் பங்கு பெரும்பாலும் செம்பு. சூடுபட்டதும் செம்பு கறுக்கும், கறுத்த வாய், அதாவது இரு முனையும் முட்டும் இடம், சரியாகச் சேராது. பிள்ளை அழுதுகொண்டு 'எனக்குக் கை வரலை' என்று சொன்னால், கையைப் பார்ப்பதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

கையில் வரவேண்டிய வித்தை இரண்டே இரண்டு. ஒன்று, வாய் பொருத்துவது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்றும் தெரியக் கூடாது. பொடியாவது சின்ன இடைவெளியை நிரப்பும், இங்கே நிரப்ப எதுவும் இல்லை. இரண்டாவது, தீயை நிறுத்துவது. வளையத்தைத் தீச்செங்கல்மேல் வைத்து, சிறிய பியூட்டேன் டார்ச்சை வாயில் மட்டும் காட்டாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். வெள்ளி முதலில் வெளிறும், பிறகு மங்கலாகச் சிவக்கும். அப்புறம் சட்டென்று பாதரசம் ஓடுவதுபோல மேலே ஒரு பளபளப்பு வரும். அந்தக் கணத்தில் தீயை எடுத்துவிட வேண்டும். வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். ஒரு நொடி பிந்தினால் வளையம் அறுந்து முனைகள் உருண்டுகொள்ளும். நல்ல வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் மங்கலான அறைதான் சரி. ஆனி ஆடிக் காற்றில் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழக நினைத்தால் வீண். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிற காற்று டார்ச் தீயை நேராக நிற்க விடாது. ஜன்னல் உள்ள அறை, விசிறியை நிறுத்திவிட்டு, துப்பட்டாவைக் கழற்றிவைத்துவிட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

உடம்பைப் பற்றிப் பயந்தீர்கள். நியாயம்தான். கே.டி.எம். என்று முன்பு கடைக்குக் கடை சொன்ன பற்றவைப்பில் காட்மியம் உண்டு, அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். பொடியே இல்லாத இந்த வேலையில் அந்த ஆவியும் இல்லை. தீக்காயத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அது அடுப்படியிலும் உண்டு.

செலவுக் கணக்கு இது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள 18 கேஜ் கம்பி 10 கிராம் வாங்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் வரும். சின்னச் சின்ன வளையங்கள் ஐம்பது போடலாம். முதல் ஐம்பதில் பாதி உருகிப் போகட்டும். உருகினாலும் அது வெள்ளிதானே, எடைக்கு விலை உண்டு. வங்கித் தேர்வுக்குக் கட்டிய கோச்சிங் ஃபீஸ் அப்படித் திரும்பி வருமா? வளைக்கவும் வெட்டவும் செம்புக் கம்பியில் பழகலாம். ஒட்டவைக்கச் செம்பு உதவாது.

ஒட்டியதா என்று அறிய, குறட்டால் வளையத்தை நீள்வட்டமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரைகுறையாக ஒட்டிய வாய் அப்போதே திறந்துகொள்ளும். தேறிய வளையங்களை நசுக்கி ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் பொடி வைக்காத பின்னல் சங்கிலி வரும். இந்தத் தொழிலின் அழகே அந்தச் சங்கிலி என்பேன். மோதிரம் வேண்டாம், இப்போதைக்கு. தீ பட்ட சுத்த வெள்ளி மெழுகுபோல் இளகியிருக்கும், தட்டி இறுக்கத் தெரியும்வரை விரலில் வளைந்துபோகும்.

இனி சம்பாத்தியம். இதை மட்டும் நம்பி உடனே வீடு நடக்காது, ஒளிக்காமல் சொல்கிறேன். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பி மாலை விற்கிற விலையோடு போட்டி போட்டால் கைக்காசு போகும். ஆனால் நம் மாவட்டத்திலேயே வடசேரி இருக்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தேடி வாங்கும் கோயில் நகைக்கு, 'நாகர்கோவில் கோயில் நகை' என்று புவிசார் குறியீடு உண்டு. அதற்கும் அடித்தளம் வெள்ளிதான். வளையத்தில் கை தேறியபின் அங்கே ஒரு பட்டறையில் ஆறு மாதம் எடுபிடியாக நிற்க இடம் கேட்கலாம். தெரியாதவர்களைச் சட்டென்று உள்ளே விடமாட்டார்கள். அம்மா கூடப் போய்க் கேட்டால் வேறு.

பி.காம். வீணாகாது. சின்ன நகையில் வெள்ளி கொஞ்சம், வேலை அதிகம். எடை விலை, சேதாரம், செய்கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி விலை சொல்லத் தெரிந்தவள்தான் நிற்பாள். பலர் வெள்ளி விலையோடு ஏதோ கொஞ்சம் சேர்த்து விற்றுவிட்டு, செலவழித்த நாட்களை மறந்துவிடுகிறார்கள்.

கைத்தொழில் செய்பவர்களுக்கான ஒன்றிய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைக் கேட்டீர்கள். பொற்கொல்லர் தொழிலும் அதன் 18 தொழில்களில் ஒன்று. கருவிக்கு 15,000 ரூபாய் வரை, 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன். ஆனால் அது ஏற்கெனவே அந்தக் கைத்தொழிலைச் செய்து பிழைப்பவர்களுக்கு. தவிர, அத்தான் அரசு வேலையில் இருப்பதால் உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் மற்ற கடன்களை விசாரிக்கலாம், அதுவும் இப்போது இல்லை. விற்றுப் பார்த்த பிறகு.

மூன்று மாதம் கொடுங்கள். வங்கித் தேர்வுக்குக் காலையில் படிக்கட்டும், மாலையில் ஒரு மணி நேரம் டார்ச். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். ஒட்டிய வளையங்களோடு, உருகிக் குண்டுமணி ஆனவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.