டிராக்டர் வாங்கும்போது விலை பேசுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

(டிராக்டர், உழவுக் கருவிகள் பற்றிய கேள்விகளுக்கு, பட்டறை வைத்திருந்து பிறகு ஷோரூம் விற்பனையிலும் இருந்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஆறு ஏக்கர் நஞ்சை. குத்தகைக்கு நாலு ஏக்கர் பிடித்திருக்கிறோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். சாகுபடியை நானும் மாமனாரும்தான் பார்க்கிறோம். அக்கம்பக்கத்தில் உழுது கொடுக்கவும் ஆள் பேசி வைத்திருக்கிறோம். 45 எச்.பி. டிராக்டர், ஆறு அடி ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல் கலப்பை), ஒன்பது கொத்து கலப்பை, கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) எல்லாம் சேர்த்து 9,60,000 ரூபாய் என்கிறார் டீலர். 3,60,000 முன்பணம், மீதிக்கு மாதம் 14,500 வீதம் ஐந்து வருடம். வட்டி 9 சதவீதம்தானாம். "இதற்குமேல் குறையாது, வேண்டுமானால் மேற்கூரை இலவசமாகப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: அம்மா, இன்னும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 9,60,000 என்று அவர் சொன்னது நாலு பொருளின் விலையைக் கலந்து கட்டிய தொகை. ஷோரூமில் எங்களையும் அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள். மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதில் குறைக்கலாம் என்று வாங்க வருபவருக்குப் பிடி கிடைக்காது. டிராக்டரில் ஐயாயிரம் இறக்கிவிட்டு ரொட்டவேட்டரில் பத்தாயிரம் ஏற்றினாலும் தெரியாது.

முதல் வேலையாகத் தனித்தனி விலையை எழுதி வாங்குங்கள். டிராக்டர் விலை, வரி, இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு, ஒவ்வொரு கருவிக்கும் கம்பெனி, மாடல், அளவு, விலை. லெட்டர்பேடில், தேதியோடு. வாய்க்கணக்கு வேண்டாம். தேதி ஏன் முக்கியம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. டிராக்டர் டயருக்கு 18லிருந்து 5. வரிக்கு முந்தைய விலை 7,00,000 என்றால் 49,000 ரூபாய் குறைய வேண்டும். இது டீலர் கொடுக்கும் தள்ளுபடி கிடையாது, சட்டப்படி உங்களுக்கு வந்து சேர வேண்டியது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி, அதில் 'குறைத்துத் தருகிறேன்' என்று பேசினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வரி குறைந்த பிறகு இருக்கும் விலையிலிருந்துதான் நம் பேரமே ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், அதே கம்பெனி, அதே மாடலுக்குத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் விலை கேளுங்கள். வேறு கம்பெனி விலையைக் காட்டினால், 'அந்த வண்டி வேற, இது வேற' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதே வண்டிக்குப் பக்கத்து ஊர் டீலர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினால் அப்படிச் சொல்ல வழியில்லை. சர்வீஸுக்கு உள்ளூர் டீலர்தான் நல்லது, அதனால் வாங்குவது இவரிடமே இருக்கட்டும். அந்தத் தாள் மட்டும் உங்கள் பையில் இருக்கட்டும்.

இனி கடனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். ஆறு லட்சத்துக்கு 9 சதவீதம், ஐந்து வருடத்துக்கு வட்டி 2,70,000. அசலோடு சேர்த்து 8,70,000. அதை அறுபதால் வகுத்தால் சரியாக 14,500 வருகிறது. அதாவது, நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். இதை ஃபிளாட் வட்டி என்பார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடும் கணக்கில் பார்த்தால் நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய 15.7 சதவீதம். உண்மையிலேயே குறையும் அசலில் 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 12,455தான் வரும். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 1,22,000 ரூபாய்க்கும் மேல். டிராக்டர் விலையில் பத்தாயிரத்துக்கு மன்றாடிவிட்டு, இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் நம் ஜனங்கள். எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது.

டீலர் சொல்லும் நிதி நிறுவனத்தில்தான் கடன் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் முதலில் கேளுங்கள். "குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு, செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா?" இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். மாதத் தவணைக்குப் பதில் அரையாண்டுத் தவணை கேளுங்கள். குறுவை அறுவடைக்குப் பிறகு ஒன்று, தை மாசியில் சம்பா அறுவடைக்குப் பிறகு ஒன்று என்று தேதி வைத்தால் சிங்கப்பூர்ப் பணத்தை எதிர்பார்க்காமல் நெல்லிலேயே கட்டிவிடலாம்.

ஷோரூமில் உட்கார்ந்ததும், "மாசம் எவ்வளவு கட்ட முடியும்மா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். நீங்கள் 15,000 என்றால், கணக்கு அந்த 15,000க்குள் வருகிற மாதிரி வளைக்கப்படும். "முதலில் முழுப்பணத்துக்கு விலை சொல்லுங்கள், கடனை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று மாமனாரையே சொல்லச் சொல்லுங்கள். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டாம். விற்பனையாளர் மேனேஜரிடம் போய்விட்டு வரட்டும், உள்ளே போனில் பேசட்டும். அந்த இடைவெளி சங்கடமாகத்தான் இருக்கும். அப்போது நாமே வாயைத் திறந்து, "சரி, ஒரு ஐயாயிரமாவது குறைங்க" என்று சொல்லிவிட்டால் பேரம் ஐயாயிரத்தோடு முடிந்துவிடும்.

மேற்கூரை வேண்டாம், அல்லது காசு கொடுத்தே போட்டுக்கொள்ளுங்கள். டாப் லிங்க், டிராபார் (கருவிகளையும் டிரெய்லரையும் வண்டியோடு இணைக்கும் பாகங்கள்), டூல் கிட் ஆகியவற்றில் எதெல்லாம் வண்டியோடு கம்பெனியே தருவது என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அவற்றையும் பரிசு மாதிரிச் சொல்வார்கள். கேட்பதானால் முதல் சில சர்வீஸுக்கு ஆயிலும் ஃபில்டரும் கேளுங்கள். இலவச சர்வீஸ் என்றால் பெரும்பாலும் கூலி மட்டும்தான் இலவசம், ஆயில் காசு நம்முடையது. பணமாகக் குறைக்கத் தயங்கும் டீலர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

ரொட்டவேட்டரை இந்தப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை மூலம் வேளாண் இயந்திரமயமாக்கும் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. சிட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் மானியம் கிடைக்காது. அளவும் யோசிக்க வேண்டியது. 45 எச்.பி. என்பது எஞ்சின் சக்தி. பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) வழியாக ரொட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. 42 பிளேடு போட்ட ஆறு அடி ரொட்டவேட்டர் உங்கள் ஊர்க் களிமண்ணில், அதுவும் காய்ந்த நிலத்தில், வண்டியைத் திணறடிக்கும், டீசல் குடிக்கும். பின்சக்கரங்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு டேப் பிடித்து அளந்து, அந்தத் தடத்தை மூடுகிற அளவு போதும். ஐந்தரை அடி சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. எதற்கும் உங்கள் வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய டிராக்டர் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: புது வண்டியின் விலை பேசி முடியும்வரை பழைய வண்டியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதலிலேயே சொன்னால், பழையதற்கு இருபதாயிரம் கூடப் போட்டுக் கொடுத்து உங்களைச் சந்தோஷப்படுத்திவிட்டு, புதியதில் அந்தத் தள்ளுபடியை நிறுத்திக்கொள்வார்கள். புது விலை எழுத்தில் வந்த பிறகு, "என்னிடம் ஒன்று இருக்கிறது, என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு முன்பே இரண்டு புரோக்கர்களிடம் வெளிவிலை தெரிந்துகொண்டு போங்கள்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். வண்டியைக் கொடுத்ததும் ஆர்.சி. பெயர் மாற வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, பழைய கடன் இருந்தால் அதை நீக்க வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேறு ஆள் கிடைக்கும்வரை வண்டியை உங்கள் பெயரிலேயே ஓடவிடுவார்கள். இடையில் விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரத்தோடு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் வாங்கினால் விலை குறையும்?
– வாசகர், விக்கிரவாண்டி

பதில்: ஆடியில் பேசுங்கள், ஆவணியில் எடுங்கள். ஆடி பதினெட்டை விட்டால் அந்த மாதம் வண்டி எடுக்க யாரும் வருவதில்லை. டீலருக்கு அப்போது ஒரு அட்வான்ஸ் ரசீது போட்டாலே பெரிய விஷயம். ஆயுத பூஜை, பொங்கல் சமயத்தில் சலுகை விளம்பரம் நிறைய வரும், ஆனால் கூட்டமும் இருப்பதால் நம் பேச்சு எடுபடாது. மார்ச் கடைசியும் நல்லதுதான், வருட டார்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் எடுத்தால் உற்பத்தி மாதம், வருடம் கேளுங்கள். அது ஆர்.சி.யில் பதியும். போன வருடத் தயாரிப்பு என்றால் விற்கும்போது ஒரு வருடம் பழையதாகக் கணக்காகும், அதற்குத் தனியாக விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்பது கொத்து கலப்பை ஷோரூமில் வாங்குவதா, பட்டறையில் அடிப்பதா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டையும் எடை போடுங்கள். கலப்பையில் நாம் வாங்குவது இரும்பு. ஷோரூம் கலப்பையின் எடையை எழுதித் தரச் சொல்லுங்கள், பட்டறைக் கலப்பையை எடை மேடையில் ஏற்றுங்கள். கிலோ விலை தெரிந்துவிடும். பிறகு ஃபிரேமின் பட்டை கனம், கொத்து ஃபிரேமோடு சேரும் இடத்தின் வெல்டிங், ஸ்பிரிங் கம்பியின் தடிமன் ஆகியவற்றைப் பாருங்கள். கல் நிறைந்த செம்மண் என்றால் ஸ்பிரிங் கலப்பைதான், அதில் பேரம் வேண்டாம். சாதாரண நிலத்துக்கு, பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வேலை செய்கிற நல்ல பட்டறைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே போங்கள். கொத்து வளைந்தால் மறுநாளே சரி செய்து கொடுப்பார். ஜி.எஸ்.டி. பில் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.