பதின்பருவப் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலையே இல்லையா?

உங்கள் மகன் வாட்ஸப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான், தமிழில் அடித்தால் பழத்தைப் ‘பலம்’ ஆக்குகிறான், திருத்தினால் “புரிஞ்சா போதாதா?” என்கிறான், இந்தத் தலைமுறைக்கு இலக்கணத்தின்மேல் மரியாதையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பையன் பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறான் என்று நினைக்கிறேன். நீங்கள் அவனை நாலு பேர் முன்னால் திருத்தியும் இருப்பீர்கள். நான் அதைச் செய்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

சிவகாசியில் 26 வருடமாக ப்ரூஃப், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்ஸ் எல்லாம் என் கையில் வந்து போகும். நான் புலவர் பட்டம் வாங்கியவள் இல்லை. தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். பிழையோடு எழுதலாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ற வர வேண்டிய இடத்தில் ர அச்சாகிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவின் பிறந்த நாளுக்கு அண்ணன் மகள் குடும்பக் குழுவில் வாழ்த்து போட்டாள். அப்போது பதினொன்றாம் வகுப்பு. வழக்கமாக ஆங்கில எழுத்தில் எழுதுகிறவள், பாட்டிக்காக அன்று தமிழிலேயே அடித்திருந்தாள். ‘பாட்டி நீங்க நூறு வருசம் வாலனும்.’ நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைப் படம் பிடித்து, ‘வாலனும்’ என்பதைச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘வாழணும்’ என்று எழுதி, அதே குழுவில் போட்டேன். 31 பேர் இருக்கிற குழு. மாமாக்களும் மச்சான்களும் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதற்கப்புறம் அவள் அந்தக் குழுவில் ஒரு வரிகூட தமிழில் எழுதவில்லை. எதற்கும் கட்டைவிரல்தான்.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று அண்ணனிடம் புலம்பினேன்.

காலாண்டு விடுமுறையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்ட பிறகு எங்கள் ஊரில் காலண்டர் வேலைதான் ஓடும். தினசரித் தாள் 365க்கும் ப்ரூஃப் பார்க்க வேண்டும். எனக்குக் கண் வலி, அதனால் அவளை வாசிக்கச் சொல்லி நான் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். மூன்றாம் நாள் சட்டென்று நிறுத்தினாள். “அத்தை, வளர்பிறைக்கு வல்லின ற தானே? இங்க சின்ன ர இருக்கு.” நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்து டிக் அடித்த தாள் அது.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் ‘வாலனும்’ என்று எழுதினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்துக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் போன் நாலைந்து தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டுகிறது. வேகத்தில் முதலில் நிற்பதைத் தொட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ழ கிடையாது, வேகத்தில் பெரும்பாலும் எல் என்ற ஒரே எழுத்தை வைத்துத்தான் ல, ள, ழ மூன்றையும் அடிக்கிறார்கள். ‘பாட்டிக்குப் புரியும்னு அனுப்பிட்டேன் அத்தை. தப்புன்னா எனக்குத் தனியா சொல்லியிருக்கலாம்ல’ என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதும் இந்தப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்ததில்லை. பழைய போன்கள் பலவற்றில் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். தெரிந்தாலும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70 இடம்தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லுக்கே 11 இடம். காசு மிச்சம் பிடிக்க அப்படி எழுதப் பழகியது நானும் நீங்களும்தான். அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

அவர்களுக்கு இலக்கணமே இல்லை என்பதையும் நான் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் அவளுக்கு ‘சரி.’ என்று முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினேன். உடனே “கோபமா அத்தை?” என்று போன் வந்தது. ஒற்றை ‘ம்’ போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அர்த்தமாம், ‘ம்ம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தமாம். தோழிகளுக்குள் இதில் தவறினால் சண்டையே வருகிறது. புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு பொருள் பார்க்கிறவர்களை எப்படி அக்கறை இல்லாதவர்கள் என்பது?

அந்த விடுமுறையில்தான் இன்னொன்றும் தெரிந்தது. அவள் ஒரு கதைச் செயலியில் புனைபெயரில் தொடர்கதை எழுதுகிறாள். 40 அத்தியாயம் ஆகியிருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ‘பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்’ என்று போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்தேன். க், ச், த், ப் போடுவதில் வருகிற ஒற்றுப்பிழை உண்டு, ல ள ழ பிழை அநேகமாக இல்லை. குழுவில் அடிப்பது பேச்சு, கதை எழுத்து என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

“புரிஞ்சா போதாதா” என்ற கேள்விக்கு நான் அவளுக்கு ‘தந்த பலகை’, ‘தந்தப் பலகை’ இரண்டையும் எழுதிக் காட்டினேன். முதலாவது யாரோ கொடுத்த பலகை, இரண்டாவது யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ப் செய்கிற வேலை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று அடுத்த இரண்டு நாள் என்னைத் துளைத்து எடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளாவது சொன்னால் கேட்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிற பெரியவர்களிடம் ‘திருவளர்செல்வன்’ என்பதுதான் சரி, அது வினைத்தொகை, காலம் மறைந்து நிற்கிற சொல், நடுவில் ச் வராது என்று சொல்லிப் பாருங்கள். ஊறுகாய்க்கு நடுவில் க் போடுகிறோமா என்றும் கேட்டிருக்கிறேன். “எங்க வீட்டுப் பத்திரிகையெல்லாம் ச் போட்டுத்தான் அடிச்சிருக்கு, நீங்க போடுங்கம்மா” என்பார்கள். நோட்ஸ் போடுகிற ஒரு பதிப்பாளர் இனி ப்ரூஃப் வேண்டாம், கம்ப்யூட்டரே பார்த்துவிடும் என்று என்னை நிறுத்திவிட்டார். அந்த நோட்ஸைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குத்தான் மதிப்பெண் குறைகிறது. மற்ற இடங்களிலும் பக்கத்துக்கு ஆறு வருடமாக ஒரே கூலி. கம்ப்யூட்டரில் டிடிபி செய்து பக்கம் அமைத்தவர் பெயர், அட்டை வரைந்தவர் பெயர் எல்லாம் புத்தகத்தில் வரும், பிழை பார்த்தவள் பெயர் வராது. தமிழ் அழிகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பேசலாம்.

எங்கள் அப்பாவின் நினைவும் வருகிறது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அதுவரை லை, ளை, ணை, னை எல்லாவற்றுக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி புது ‘லை’ எழுதினால் அப்பா நோட்டை வாங்கி, “உங்களுக்கெல்லாம் எழுத்துன்னா கிள்ளுக்கீரை” என்று திட்டுவார். அவர் கடைசிவரை சுழி போட்டே எழுதினார். நான் அதே திட்டைத்தான் அண்ணன் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் எழுதியது பிழைதான், நான் எழுதியது பிழையில்லை, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் திட்டு வாங்கின முகம் ஒன்றுதான்.

உங்கள் பையனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், அவன் போனில் தமிழ்99 விசைப்பலகையை வைத்துக் கொடுங்கள். அதில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. எது வேண்டும் என்று அவன் விரல் முடிவு செய்தாக வேண்டும். முதல் இரண்டு வாரம் எரிச்சல்படுவான். பிழையைத் தனியாகச் சொல்லுங்கள். ‘வேகமா அடிச்சியா, தெரியாம அடிச்சியா’ என்று முதலில் கேளுங்கள். தெரியாமல் என்றால் மட்டும் விளக்குங்கள்.

அண்ணன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அத்தியாயத்தை எனக்கு முதலில் அனுப்புவாள். போன வாரம் கதாநாயகியின் சேலை கருப்பா, கறுப்பா என்று கேட்டாள். கருமையிலிருந்து வந்தது, அதனால் சின்ன ர தான் என்பவர்கள் இருக்கிறார்கள், தொல்காப்பியத்தில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று பெரிய ற வருகிறது, அங்கே அது கோபத்தைக் குறிக்கிறது என்று இரண்டையும் சொன்னேன். கதாநாயகி அந்தக் காட்சியில் கோபமாகத்தான் இருக்கிறாள் என்று பெரிய ற போட்டு வெளியிட்டுவிட்டாள். கீழே பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அந்த ஓர் எழுத்துக்காக 60 பின்னூட்டத்துக்குமேல் சண்டை போட்டிருக்கிறார்கள்.