மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு பிள்ளை பெறுவது: கேள்வி பதில்

புற்றுநோய் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருகோணமலைப் பிள்ளைகள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளி, வயது 33: கீமோ முடிந்து எட்டு மாதம், மாதவிடாய் வரவில்லை. இனிக் குடும்பக் கட்டுப்பாடு தேவையில்லைதானே மிஸ்?
தேவை தங்கச்சி. மாதவிடாய் நின்றாலும் முட்டை வரலாம்; அது திரும்புவதற்கு முன்னமே கரு தங்கலாம். நோய் திரும்பாமல் இருக்க எடுக்கும் தமொக்சிபென் குளிசை கர்ப்பத்தைத் தடுக்காது. ஆனால் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம்.

கிண்ணியா: கர்ப்பத்தடைக்கு டெப்போ ஊசி போடலாமா?
வேண்டாம். ஊசி, கைத்தோலுக்குக் கீழே வைக்கும் ஜடெல், கர்ப்பத்தடை மாத்திரை எல்லாவற்றிலும் ஹோர்மோன் உண்டு, அது இந்த நோய்க்கு ஆகாது. கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் நல்லது. மிட்வைஃபிடம் உங்கள் நோயை மறைக்காதீர்கள்.

நிலாவெளி, வயது 29: அடுத்த கிழமை கீமோ. இன்னும் கல்யாணமாகவில்லை. பிறகு பிள்ளை பெற முடியுமா?
கீமோ முட்டைகளைப் பாதிக்கலாம். முட்டையை எடுத்து உறைய வைப்பதைப் பற்றி இன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள். ஏறக்குறைய இரண்டு கிழமை பிடிக்கும், அதனால் கீமோவுக்கு முன்னரே முடிவெடுக்க வேண்டும்.

தம்பலகாமம்: மனைவி இரண்டு வருடமாகத் தமொக்சிபென் எடுக்கிறார். பிள்ளைக்காக நிறுத்தலாமா?
நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளை என்னிடம் குளிசை அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள், மூன்று மாதமாக ஒன்றுகூட உடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. டொக்டரோடு பேசி நிறுத்தினால் கதை வேறு. 2023இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வில், 18 முதல் 30 மாதம் குளிசை எடுத்த 42 வயதுக்கு உட்பட்டவர்கள் அதிகபட்சம் இரண்டு வருடம் இடைநிறுத்தினார்கள். நூற்றுக்கு 64 பேர் பிள்ளை பெற்றார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பியது நூற்றுக்கு 9 பேருக்கு. நிறுத்தாதவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். குளிசையை விட்டு மூன்று மாதம் கழித்தே முயல வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு திரும்பத் தொடங்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஓர்ஸ் ஹில்: பிள்ளை பெற்றால் நோய் திரும்பும் என்று மாமி சொல்கிறார். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது.
பிள்ளை பெறாதவர்களுக்கும் திரும்புகிறது தங்கச்சி. ஒருவருக்கு நடந்ததை வைத்துக் கர்ப்பத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

அதே தங்கச்சி: அந்த ஆய்வு வெள்ளைக்காரருக்குச் செய்ததுதானே?
ஜப்பானிலும் கொரியாவிலும் செய்தார்கள். 2023இல் வந்தது மூன்று வருடக் கணக்கு மட்டும்தான். அதற்குப் பிறகும் கவனிக்கிறார்கள். அதனால்தான் டொக்டரின் சொல்லோடு செய்யச் சொல்கிறேன்.

மூதூர்: மாதவிடாய் நின்றுவிட்டது, லூப் தேவையா?
இதே கேள்வி மறுபடியும் வருகிறது. தேவை! முதல் பதிலை வாசியுங்கள்.

ஓர்ஸ் ஹில்: சரி மிஸ், மாமியிடம் யார் சொல்வது?
அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் வாயால் கேட்கட்டும்.