சில இனத்துக் குழந்தைகளுக்கு மட்டும் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) அதிகம் வருவது ஏன்? மரபணுதான் காரணமா?

மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய வித்தியாசங்களுக்குக் காரணம் எந்த வயதில் எந்தக் கிருமி தொற்றுகிறது என்பதுதான். லிம்போமாவை வகை பிரித்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

பர்கிட் லிம்போமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 2, 3 பேருக்குத்தான் வரும். உகாண்டா, மலாவி போன்ற நாடுகளின் சில பகுதிகளில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1958-இல் இதைத் தாடையில் வரும் கட்டியாக விவரித்தார். பிறகு காரிலேயே பல நாடுகளைச் சுற்றி, எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்தார். உயரமான மலைப்பகுதிகளில் நோய் இல்லை. அந்த மலைக்காரர்களே தாழ்நிலத்தில் குடியேறினால் அவர்களுக்கும் வந்தது, அதுவும் சற்றுக் கூடின வயதில். இனம் அதேதான், மாறியது கொசுவும் மலேரியாவும்.

அங்கே எப்ஸ்டீன்-பார் வைரஸ் 3 வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் தொற்றிவிடும். அதற்கு மேல் மலேரியா திரும்பத் திரும்ப வந்து பி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. அந்த அவசரத்தில் குரோமோசோம் 8 உடைந்து, பெரும்பாலும் 14-உடன் ஒட்டிக்கொள்ள, செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் (MYC) மரபணு கட்டுப்பாடின்றி இயங்கத் தொடங்குகிறது.

ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு வகை லிம்போமாவின் கதை வேறு. பணக்கார நாடுகளில் இது பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் உச்சம் தொடும். இந்தியா போன்ற நாடுகளில் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களிடமே கணிசமாகக் காணப்படும். அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இதே வைரஸ் இருக்கும்.

ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘குழந்தைப் புற்றுநோய்களில் பாதி லிம்போமா’ என்றால் லிம்போமா அதிகம் என்று ஆகாது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை காய்ச்சல், சோகை என்ற பெயரில் கண்டறியப்படாமலே இறந்துவிடலாம். தாடைக் கட்டி யார் கண்ணுக்கும் தப்பாது. ஆகவே மக்கள்தொகை சார்ந்த பதிவேட்டில், வயதுக்கேற்பச் சீராக்கிய வீதத்தையே பாருங்கள். வயது வரம்பும் ஒன்றாக இருக்க வேண்டும்: 0–14-ஐ 0–19-உடன் ஒப்பிட்டால் ஹாட்ஜ்கின் வீணாக ஊதித் தெரியும். மருத்துவமனைக் கணக்கில் ஆண் குழந்தைகள் மிக அதிகமாக இருந்தால், பெண் குழந்தைகள் சிகிச்சைக்கே கொண்டுவரப்படாததும் அதில் கலந்திருக்கலாம்.

சிறிய சமூகங்களில் எண்ணிக்கையே பொறி. பதிவானது 6 பேர் என்றால், தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மை அளவு 2 முதல் 13 வரை எதுவாகவும் இருக்கலாம். இதை வைத்து ‘இரண்டு மடங்கு’ என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.