உதவிபெறும் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வருமா?

கேள்வி: என் மகன் ஆறு முதல் எட்டு வரை காரைக்குடியில் அரசு உதவிபெறும் பள்ளியிலும், ஒன்பதிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தான். கட்-ஆஃப் 168. பொறியியல் கலந்தாய்வுக்கு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தபோது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ‘ஆம்’ என்று போட்டுவிட்டார்கள். “அந்த மூன்று வருஷத்துக்கும் தெரிந்த ஹெச்.எம்.கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடலாம்” என்கிறார் மைத்துனர். அப்படியே விட்டுவிடலாமா?
– புதுவயல் வாசகர்

பதில்: விடாதீர்கள். சரிபார்ப்பு முடிவதற்குள் நீங்களாகவே போய்ச் சொன்னால் இது வெறும் தவறு. கையெழுத்து வாங்கிச் சேர்த்தால் மோசடி. மைத்துனர் சொல்வதில் உங்கள் மகனோடு அந்தத் தலைமையாசிரியரும் சேர்ந்து மாட்டுவார்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. செட்டிநாட்டில் நகரத்தார் தொடங்கிய பள்ளிகள் ஏராளம். அவற்றில் பல இன்று உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடநூலும் இலவசம். பெற்றோருக்கு அது அரசுப் பள்ளியாகத்தான் தெரியும். ஆனால் 7.5 சதவீதம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளியில் படித்த உங்கள் மகன் அதிலும் வரமாட்டான். அவனுடைய எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பள்ளியின் பெயரை ஒட்டியோ முத்திரையிலோ ‘அரசு உதவிபெறும்’ என்று இருக்கக்கூடும்.

‘யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தான் என்பது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் பதிவில் இருக்கிறது. இணையவழிச் சரிபார்ப்பில் தப்பினாலும், கல்லூரியில் சேரும்போது அசல் கேட்பார்கள். அதற்குப் பிறகும் உண்மைத்தன்மை கேட்டுக் கடிதம் போகலாம். அரசு வேலை கிடைத்தால் மறுபடியும் போகும். சாதிச் சான்றிதழ் வழக்கொன்றில் 2017-இல் உச்ச நீதிமன்றம், பொய்ச் சான்றால் பெற்ற கல்லூரி இடமும் வேலையும் நிலைக்காது என்றது. போலி ஆவணத்தை அசல்போலக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 340-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். அருகிலுள்ள பொறியியல் சேர்க்கை சேவை மையத்துக்கு மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். விண்ணப்ப நகல், இரண்டு பள்ளிகளின் சான்றிதழ்கள், ‘7.5 சதவீத ஒதுக்கீடு தவறுதலாகக் குறிக்கப்பட்டது, நீக்கித் தருக’ என்று மகன் கையெழுத்திட்ட கடிதம் இவை போதும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். தரவரிசை வெளியான பின்பும் குறை தெரிவிக்கச் சில நாள் தருவார்கள். அதுவரை இழுக்க வேண்டாம்.

இதனால் கலந்தாய்வே போய்விடாது. பொதுப் பிரிவிலும் அவனுடைய சமூகப் பிரிவிலும் 168 அப்படியே நிற்கும். அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியையும் விருப்பப் பட்டியலில் வைக்கலாம். போவது அரசே கட்டும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும். பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இடமுண்டு. அவன் தமிழ்வழி என்றால் சேர்ந்ததும் கல்லூரியில் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையையும் பாருங்கள். அக்காளோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இதே ஊர்ப்பக்கம் வரும் இன்னொரு சிக்கல், பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, வீடுகளில் இனிஷியல் மாறுவது. பத்தாம் வகுப்புச் சான்றில் ஓர் எழுத்து, சாதிச் சான்றில் வேறொன்று. அது பொய்யல்ல, ஆனால் பொய்போலத் தெரியும். சுவீகாரப் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மாறியிருப்பது சாதிச் சான்று என்றால் அதைக் கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மூலம் திருத்துங்கள்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல சென்டர்களில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் ஓ.டி.பி.யும், சான்றிதழில் குறை என்று வரும் குறுஞ்செய்தியும் அவர்களுக்குத்தான் போகும். சேவை மையத்தில் அதையும் மாற்றச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை மகன் தன் நோட்டில் எழுதி வைக்கட்டும்.