கொடைக்கானலில் பேசப்படும் போதைக் காளான் என்பது என்ன? அது ஏன் ஆபத்தானது?
சைலோசைபின் என்னும் வேதிப்பொருளைக் கொண்ட காட்டுக் காளானையே பழனி மலைப் பகுதியில் போதைக் காளான் என்கிறார்கள். உடலுக்குள் அது சைலோசினாக மாறி, வேறு வீட்டுச் சாவி நம் பூட்டில் பொருந்திக் கதவைத் திறந்துவிடுவதைப் போல, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் பொருந்த வேண்டிய இடங்களில் அமர்ந்துகொள்வதால், நிறமும் ஒலியும் நேரமும் தொலைவும் திரிந்து தெரிகின்றன. சிலருக்குக் கடும் பீதி உண்டாகிறது. மஞ்சு மூடிய பள்ளத்தாக்கின் விளிம்பில் தொலைவு தவறாகத் தெரிந்தால் என்ன நேரும் என்பதை மலையில் வாழ்வோர் அறிவார்கள்.

இதைவிட நான் அஞ்சுவது, இதே தோற்றமுள்ள நச்சுக் காளான்களை. அவற்றுள் சில கல்லீரலை அழிப்பவை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கக்கூடும் என்பதால், தின்றவர் நலமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தானாக முளைப்பதைச் சட்டம் தடுக்காது என்று பலர் நினைப்பது தவறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் சைலோசைபின் இடம்பெற்றுள்ளது.